யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடுக் கர்ப்பகாலப் பராமரிப்பு

கர்ப்பத்தின் 14ஆம் கிழமை முதல் 27ஆம் கிழமை முடியும் வரையான காலம் நடுக் கர்ப்பகாலம் எனப்படும். சத்தி பெரும்பாலும் தணிந்து, வயிறும் பாரமாகாத மாதங்கள் இவை. உடம்பு சுகமாயிருப்பதால் கிளினிக்கைத் தவறவிடுவதும் இப்போதுதான் எளிது. ஆனால் குருதிச்சோகை, கர்ப்பகால நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் ஆகியவை ஓசையின்றித் தலைகாட்டுவதும் இதே காலத்தில்தான்.

குடாநாட்டில் இப்பராமரிப்பு குடும்பநல உத்தியோகத்தரைச் சுற்றியே நடக்கிறது. சனம் அவரை மருத்துவமாது என்றோ மிட்வைஃப் என்றோ அழைக்கும். வீடுதேடிச் சென்று கர்ப்பிணியைப் பதிந்து, அட்டை கொடுத்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்குக்கு வரச்செய்பவர் அவரே. அங்கே நிறை, பிரஷர், சிறுநீர் ஆகியவற்றோடு கருப்பையின் உயரமும் பார்க்கப்படும். 20ஆம் கிழமையளவில் அது தொப்புளை எட்டும். அதன்பின் நாடாவில் வரும் சென்றிமீற்றர் கணக்கு ஏறத்தாழக் கிழமைக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். தலைப்பிள்ளைக்காரிக்கு ஏற்புவலியைத் தடுக்கும் ஏற்பூசி இரு தடவை போடப்படும். பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கான் 18 முதல் 22 கிழமைக்குள்ளும், 75 கிராம் குளுக்கோசு கரைத்துக் குடிக்கக் கொடுத்துச் செய்யும் நீரிழிவுச் சோதனை 24 முதல் 28 கிழமைக்குள்ளும் செய்யப்படும்.

இம்மாதங்களில் குருதியின் நீர்ப்பகுதி வேகமாகப் பெருகுவதால் ஹீமோகுளோபின் சற்று இறங்குவது இயல்பு. டெசிலீற்றருக்கு 10.5 கிராமுக்குக் கீழே போனால் அதைக் குருதிச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிகையைச் சாப்பாட்டோடு பிளேன்டீயும் குடித்து விழுங்கினால் பாதிப் பயன் வீண். தேசிக்காய்த் தண்ணியோடு எடுப்பது நல்லது. கல்சியக் குளிகையை வேறொரு வேளைக்குத் தள்ளிவைக்க வேண்டும். மலம் கறுப்பதைக் கண்டு பயந்து குளிகையை நிறுத்துவோர் உண்டு. அது இரும்பின் நிறம்தான், நோயல்ல. முருங்கையிலை வறை, நெத்தலி, பயறு என்று ஊர்ச் சமையலிலேயே சத்துக்குக் குறைவில்லை. 1973இல் தொடங்கிய திரிபோஷா சத்துமாவும் கர்ப்பிணிகளுக்கு இலவசம். 2022 பொருளாதார நெருக்கடியில் அதன் விநியோகம் தடுமாறியது.

குடாநாட்டுக்கே உரிய கவலை கிணற்று நீர். சுண்ணக்கல் நிலத்தில் தோட்டப் பசளையும் மலக்குழிக் கழிவும் எளிதில் இறங்குவதால் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருக்கிறது. குடிநீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று குறையாது. நீர் வற்ற அதன் செறிவு இன்னும் ஏறும்.

இப்பகுதியின் தாய்நல மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1857இலேயே பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழில் தந்தார். இணுவிலில் 1898இல் மக்லியட் பெண்கள் மருத்துவமனை எழுந்தது. உள்நாட்டுப் போர்க்காலமும் 1995இல் குடாநாட்டு மக்களின் பெரும் இடப்பெயர்வும் இத்தொடர்ச்சியைக் கடுமையாகக் குலைத்தன. இலங்கை அளவில், 1930களில் இலட்சம் பிறப்புக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்த தாய்மரணம் 2010களில் 40க்குக் கீழே வந்தது. செல்வம் மட்டும் இதைச் செய்துவிடாது. செல்வந்த நாடான அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மாரின் மரண வீதம் வெள்ளையினத்தவரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புலம்பெயர்ந்த எம்மவர் வாழும் பிரித்தானியாவிலும் கறுப்பின, ஆசியத் தாய்மாருக்கே ஆபத்து அதிகம்.

சராசரி மறைக்கும் ஏற்றத்தாழ்வு இங்கும் உண்டு. இங்கே அது கடலால் வருவது. வேலணை, புங்குடுதீவுக்குத் தரைவழி இருக்கிறது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவுக்குப் படகுதான். நெடுந்தீவுக் கர்ப்பிணி ஒரு ஸ்கானுக்காகக் குறிகட்டுவானுக்குக் கடல் கடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய்த் திரும்ப ஒரு நாள் கரையும். கடும் தலையிடி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, உணர்ந்த பிள்ளைத்துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அடுத்த கிளினிக் வரை பொறுத்திருக்கக் கூடாது. 2018இல் வடக்குக்கு வந்த, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் குடாநாட்டு வீட்டு வாசலுக்கு இலவசமாக வரும். நெடுந்தீவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதானால் முதலில் படகு கிடைக்க வேண்டும்.