கழகத்தின் கதவு

பந்தை உதைக்கத் தெரியுமா என்று அந்த இளைஞனை எவரும் கேட்கவில்லை. ஓடத் தெரியுமா, ஓடி வருபவனை மடக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: தகப்பன் தொழில் யாது? மண் பிசைந்து பானை வனைவது தகப்பன் தொழில். போதாதா? கால்பந்துக் கழகத்தின் கதவு சாத்தப்பட்டது!

நடந்த இடம் கல்கத்தா. காலம் 1880ஆம் ஆண்டுகள். இளைஞன் பெயர் மணி தாஸ். கழகத்தின் பெயர் வெல்லிங்டன் கழகம். வெள்ளையரைப் பார்த்துக் கற்ற ஆட்டத்தை ஆடி மகிழ, மேட்டுக்குடிப் பிள்ளைகள் அமைத்துக்கொண்ட கழகம் அது. வெள்ளைக்காரன் தன் மன்றத்துக்குள் நம்மை விட மறுக்கிறானே என்று குமுறிய கூட்டம்தான் அது. அந்தக் கூட்டம்தான் குயவன் மகனோடு சேர்ந்து ஆடமாட்டோம் என்றது. அடிமைத்தனம் கசக்கிறது, ஆனால் அடிமைப்படுத்துவது மட்டும் இனிக்கிறது!

கழகத்தை அமைத்தவர் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. பெயரில்தான் சர்வாதிகாரி, செயலிலோ சமத்துவக்காரர். மணி தாசை வெளியே நிறுத்திவிட்டுக் கழகத்தைக் காப்பாற்ற அவர் விரும்பவில்லை. கழகத்தையே கலைத்தார். சோவாபஜார் கழகம் என்ற புதியதொன்றைக் கண்டார். அதில் மணி தாசுக்கு இடம் கொடுத்தார். 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே பட்டாளத்தைத் தோற்கடித்தது அந்தக் கழகம். வெள்ளையர் அணியை இந்தியர் அணி வீழ்த்திய முதல் வெற்றி அது. கதவைத் திறந்து வைத்த கழகம் காட்டிய வெற்றி!

கல்கத்தாக் கதை விழுப்புரத்தில் இருப்பவனுக்கும் திண்டிவனத்தில் இருப்பவனுக்கும் எதற்கு என்று கேட்கலாம். வரலாறு என்றால் மன்னர் வாளெடுத்த கதை மட்டுமன்று. மக்கள் எங்கே கூடினார்கள், கூடிய இடத்தில் எவரைச் சேர்த்தார்கள், எவரைத் துரத்தினார்கள் என்பதும் வரலாறே. அதை ஏட்டில் தேடுவதைவிட எளிதாக ஆடுகளத்தில் காணலாம். ஆகவே அங்குள்ள ஒரு பழம்பெரும் கழகத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஈண்டு ஆராய்வோம். அதன் பெயர் முகம்மதன் ஸ்போர்ட்டிங்.

வெறுங்கால் வெற்றி

முதலில் மோகன் பகானைக் குறிப்பிட வேண்டும். 1889இல் பிறந்த கழகம். 1911 ஜூலை 29ஆம் நாள், கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று வென்றது. பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி பூண்டவர் சுதீர் சாட்டர்ஜி ஒருவரே, அவர் கிறித்தவர். பட்டாளத்துப் பூட்சுக்கு முன் வெறுங்கால் வென்றது கண்டு வங்கமே ஆர்ப்பரித்தது. அந்தப் பதினொருவரில் இசுலாமியர் ஒருவரும் இல்லை. எனினும் இசுலாமியரும் தெருவில் இறங்கிக் கொண்டாடினர். நம்மவர் வென்றார்கள் என்ற எண்ணம் அன்று மதத்தை மறக்கவைத்தது.

ஆனால் களத்தில் தோன்றிய ஒற்றுமை கழகத்தின் கதவுவரை வந்ததா? 1920இல் ஜோராபகான் என்ற கழகம் மோகன் பகானோடு ஆடியபோது சைலேஷ் போஸ் என்ற நல்ல ஆட்டக்காரரை நீக்கிவிட்டு ஆடிற்று. அவர் கிழக்கு வங்கத்தவர் என்பதால் வந்த புறக்கணிப்பு என்று பொருமினார் கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி. வெளியேறினார். அவரும் தோழர்களும் கண்டதே ஈஸ்ட் பெங்கால் கழகம். ஒரே மொழி, ஒரே மதம். அங்கேயும் ஆற்றுக்கு அப்புறம், இப்புறம் என்ற பேதம்!

வெள்ளையரும் சும்மா இருக்கவில்லை. கல்கத்தா லீகின் முதற் பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தனர். ஆடித் தகுதி பெற்றாலும் மேலே ஏற முடியாது. ஈஸ்ட் பெங்கால் தகுதி பெற்று, எதிர்ப்புக் குரல் எழும்பிய பின்னரே 1925இல் அந்த விதி விழுந்தது. ஒரு கதவு, அதற்குள் இன்னொரு கதவு, அதற்குள்ளும் ஒன்று. நம் நாட்டுச் சமுதாயம்போலவே!

பிறையின் எழுச்சி

இந்தக் கதவுகளுக்கெல்லாம் வெளியே நின்றவர்கள் கல்கத்தாவின் இசுலாமிய இளைஞர்கள். 1887இல் ஜூபிலி கழகம் என்று தொடங்கி, பெயர்கள் சில மாறி, 1891இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆனது அவர்களது கழகம். நாற்பதாண்டுகள் அதைப் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை.

1930களில் நிலை மாறியது. கழகத்தை நடத்தியோர் இரண்டு செயல்களைச் செய்தனர். முதலாவது, ஆட்டக்காரரைக் கல்கத்தாவுக்குள் மட்டும் தேடாமல் தெற்கே பெங்களூரிலும் வடமேற்கே எல்லைப்புறத்திலும் தேடினர். இரண்டாவது, மழைநாளில் பூட்ஸ் அணிந்தாடப் பழக்கினர். கல்கத்தாவில் கால்பந்துப் பருவம் மழைக்காலத்தில் வருவது. சேற்றில் வெறுங்கால் வழுக்கும். பட்டாளத்துக்காரன் பூட்ஸ் ஊன்றி நிற்கும். வெறுங்கால் வீரம் என்று பாட்டுப் பாடிக்கொண்டிராமல், வழுக்குவது ஏன் என்று ஆராய்ந்து வழி கண்டார்கள். அதுவன்றோ பகுத்தறிவு!

பயன் உடனே தெரிந்தது. 1934இல் முதன்முறையாக முதற் பிரிவில் ஏறினார்கள். ஏறிய ஆண்டே லீகை வென்றார்கள். 1898இல் தொடங்கிய அந்த லீகை அதுவரை எந்த இந்தியக் கழகமும் வென்றதில்லை. 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வெற்றி! 1936இல் லீகோடு கேடயமும் சேர்ந்தது. 1940இல் டில்லியில் ராயல் வார்விக்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று வென்று, 1888 முதல் நடந்துவந்த டூரண்ட் கோப்பையைப் பெற்றனர். அதைப் பெற்ற முதல் இந்தியக் கழகமும் இதுவே. கவிஞர் நஸ்ருல் இசுலாம் இக்கழகத்தின் வெற்றியைக் கவிதையில் பாராட்டினார்.

பெயர் குற்றமா?

இங்கே பகுத்தறிவாளர் ஒரு வினா எழுப்புவர். மதத்தின் பெயரில் கால்பந்துக் கழகம் இருக்கலாமா? பந்துக்கு ஏது பள்ளிவாசல், ஏது கோயில்?

நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அதை எவரிடம் முதலில் கேட்பது? வீட்டுக்குள் விட மறுத்தவனிடமா, வெளியே நின்றவன் தனக்கென்று குடிசை போட்டுக்கொண்டபோது அவனிடமா? கதவைச் சாத்தியவனை விட்டுவிட்டு, வெளியே நின்றவனை நோக்கி ஏன் தனியே நிற்கிறாய் என்பது நியாயமன்று. ஒதுக்கப்பட்டோர் ஒன்றுகூடுவது பிரிவினை ஆகாது, ஒதுக்கியதே பிரிவினை.

அத்துடன் நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னவர் ஆவோம். தானே கட்டிய வீட்டுக்குத் தானும் தாழ் போட்டால் அது இன்னொரு சிறை. 1940களில் அரசியல் கொதித்தது. ஆட்டம் பார்க்கச் சென்ற கூட்டம் வெற்றியைக் கழகத்தின் வெற்றி என்று பாராமல் மதத்தின் வெற்றி என்றும் தோல்வி என்றும் பார்க்கத் தொடங்கியது. 1946இல் கல்கத்தா வீதியில் குருதி ஓடியது. 1947இல் நாடு பிளந்தது. ஆட்டக்காரரும் ஆதரவாளரும் பலர் எல்லை தாண்டினர். ஆயினும் கழகம் மாளவில்லை. 1948இல் மீண்டும் லீகை வென்றது.

பின்னாளில் கதவும் திறந்தது. இந்திய அணியின் இலக்குக் காவலராக 1956, 1960 ஒலிம்பிக்குகளில் நின்ற பீட்டர் தங்கராஜை நாம் அறிவோம். வெலிங்டனிலுள்ள சென்னை ரெஜிமென்ட் மையத்து அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றதே, அந்த அணியில் வளர்ந்தவர். அவர் மோகன் பகானுக்கும் ஆடினார். ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். முகம்மதன் ஸ்போர்ட்டிங்குக்கும் ஆடினார். 1980களில் நைஜீரிய நாட்டுச் சீமா ஒகோரி இந்திய மண்ணில் முதலில் ஆடியதும் இக்கழகத்துக்கே. பெயர் பழையது, கதவு புதியது.

கிளாஸ்கோவும் மியூனிக்கும்

வெளிநாட்டு வரலாறும் இதையே கூறுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், பிழைக்க வந்த ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளின் பிள்ளைகளுக்குச் சோறு போட நிதி திரட்ட 1887இல் தோன்றியது செல்டிக் கழகம். ஒதுக்கப்பட்டோரின் கழகம்தான். ஆயினும் புராட்டஸ்டண்டுகளுக்கு அது கதவு சாத்தவில்லை. புராட்டஸ்டண்டான ஜாக் ஸ்டீன் பயிற்சியாளராயிருந்தபோதுதான், 1967இல், ஐரோப்பியக் கோப்பையை வென்றது. எதிர்க்கழகமான ரேஞ்சர்ஸ் கத்தோலிக்கரைச் சேர்க்காமல் நெடுங்காலம் காலம் தள்ளியது. பெயர்பெற்ற கத்தோலிக்க ஆட்டக்காரர் ஒருவரை அது வெளிப்படையாகச் சேர்த்தது 1989இல்தான்! அந்தச் செல்டிக்கில் 1936இல் வெறுங்காலில் துணி சுற்றிக்கொண்டு இரண்டு ஆட்டங்கள் ஆடி ஊரையே வியக்கவைத்தவர் யார் தெரியுமா? கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் முகம்மது சலீம்!

செருமனியில் நடந்தது கொடுமையின் உச்சம். மியூனிக் நகரத்துப் பயர்ன் கழகம் 1900இல் பிறந்தது. அது முதன்முதல் செருமானிய வாகை சூடியது 1932இல். அப்போது தலைவர் கர்ட் லாண்டவர் என்ற யூதர். அடுத்த ஆண்டு இட்லர் ஆட்சிக்கு வந்தான். லாண்டவர் பதவி துறக்க நேர்ந்தது. 1938இல் டாக்காவ் முகாமில் அடைக்கப்பட்டார். 1939இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். உடன்பிறந்தோர் பலர் கொல்லப்பட்டனர். அந்த மனிதர் 1947இல் திரும்பி வந்து, இடிபாடுகளுக்கிடையே, அதே கழகத்துக்கு மீண்டும் தலைவரானார்! வாகை தந்தவனையே பிறப்பைச் சொல்லித் துரத்திற்று இனவெறி. கல்கத்தாவில் குயவன் மகனைத் தடுத்த விரலும் மியூனிக்கில் லாண்டவரைச் சுட்டிய விரலும் அளவில் வேறு, நஞ்சு ஒன்றே.

அதே செருமனி இன்னொரு பாடமும் தருகிறது. 1998 முதல் அங்கே ஒரு விதி: கழகத்தின் ஆட்டத் தொழிலில் எவ்வளவு பணம் போட்டாலும், வாக்குரிமையில் பாதிக்கு மேல் ஒன்று உறுப்பினர்களின் கழகத்திடமே இருக்க வேண்டும். விலக்குகள் சில உண்டு. ஆயினும் முறை அதுவே. சந்தா கட்டும் தொழிலாளியின் குரலுக்கும் அங்கே மதிப்புண்டு.

ஏற்றமும் இறக்கமும்

முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் பிற்காலம் இந்தப் பாடத்தின் அருமையைக் காட்டுகிறது. 1981இல் லீகை வென்ற கழகம், மறுபடி அதை வெல்ல 2021 வரை காத்திருந்தது. நாற்பதாண்டு வறட்சி! இடையே 2013இல் டூரண்ட் கோப்பை கிடைத்தது. ஆயினும் பணமுடையும் நிர்வாகப் பூசலும் கழகத்தைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளின. பிறகு எழுந்தது. 2021, 2022, 2023 என மூன்று முறை தொடர்ந்து கல்கத்தா லீக். 2023-24இல் ஐ-லீக் வாகை சூடி, நாட்டின் மேல்நிலைப் போட்டியான ஐ.எஸ்.எல்.லில் ஏறியது. முதலாண்டே, 2024-25இல், கடைசி இடம்! ஊதியப் பாக்கி பற்றிய செய்திகளும் சேர்ந்து வந்தன.

1934இல் ஏறிய ஆண்டே வென்றவர்கள், ஏறிய ஆண்டே வீழ்ந்தது ஏன்? அன்று திறமையைத் தேடித் திட்டமிட்டனர். இன்றோ முதலீட்டாளரின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டிய நிலை. ஆதரவாளர் இலட்சக்கணக்கில் இருந்தென்ன? ஆரவாரம் அவர்களது, அதிகாரம் வேறொருவரது. கதவு திறந்தால் மட்டும் போதாது. உள்ளே வந்தவனுக்கு உரிமையும் வேண்டும்.

நம் திடல்

இப்போது நம் ஊருக்கு வருவோம். விழுப்புரத்தைச் சுற்றியும் திண்டிவனத்தைச் சுற்றியும் மாலையில் பந்து உருளாத திடல் இல்லை. ஆனால் எத்தனை சிற்றூர்களில் ஊர்த்தெருப் பையன்களுக்கு ஓர் அணி, காலனிப் பையன்களுக்கு ஓர் அணி? பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்தவர்கள், மணியடித்ததும் இரண்டாகப் பிரிவதேன்? பாடம் சொல்லும் நாம் இதை நாள்தோறும் காண்கிறோம். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. ஏட்டிலிருந்து நீங்கும் சொல் ஆட்டத்திலிருந்தும் நீங்க வேண்டாமா?

பெண்களின் கதவு இன்னும் இறுக்கமானது. நம் பழைய தென்னார்க்காட்டின் கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியிருக்கிறார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசிய வாகை சூடியது. வெயிலில் ஓடினால் கறுத்துப்போவாய் என்று பெண்ணைத் திண்ணையில் உட்காரவைக்கும் பெற்றோரே, கேளுங்கள்!

தோழர்களே! கழகம் காண்பது எளிது. பத்துப் பேரும் ஒரு பந்தும் போதும். காணும்போதே இவற்றைச் செய்யுங்கள்: பெயரில் சாதியின் சாயல் வேண்டாம். சேர வருபவனிடம் தெருவைக் கேட்காதீர். சந்தா ஏழைக்கு எட்டட்டும்; கணக்கு எல்லோர் முன்னும் படிக்கப்படட்டும். தலைவனை வாக்களித்துத் தேர்ந்தெடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் பந்தைக் கொடுங்கள்.

மணி தாசுக்காக ஒரு கழகமே கலைக்கப்பட்டது. கலைத்தவர் இழந்தது ஒரு பெயர்ப்பலகை. பெற்றது ஒரு வரலாறு. நம் ஊரிலும் வெளியே நிற்கும் மணி தாசுகள் உண்டு. பந்து அவர்களை யாரென்று கேட்பதில்லை. நாம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? கதவைத் திறப்போம்!