ஆறாவது வருடம் யார் கொடுப்பது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள்!

போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க அரசு மருத்துவ நிலையம் ஒன்றுக்குப் போனேன். சீட்டு போடும் இடத்தில் கியூஆர் குறியீடு ஒட்டியிருந்தது. ஆசையாகப் போனை எடுத்தேன். உள்ளே இருந்த பெண், "நெட் இல்ல டீச்சர். யுபிஎஸ் பேட்டரியும் போயிடுச்சு. மாத்தச் சொல்லி எழுதிப் போட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, கோடு போட்ட நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் சில வருடங்களுக்கு முன் என் தம்பியை நள்ளிரவில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கேட்டார். தம்பி மனைவி துணிப்பையைத் தலைகீழாகக் கொட்டிச் சீட்டு தேடினாள். தம்பி பிழைத்துக்கொண்டான். அந்த அரைமணி நேரம் மட்டும் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கணினிப் பதிவுகள் நிலைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நிலைக்க என்ன வேண்டும் என்று பழைய கதைகளைப் புரட்டிப் பார்த்தேன்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு பெருமை. 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, சோதனை முறையில் முதலில் தொடங்கியது ஆறு யூனியன் பிரதேசங்களில். அவற்றில் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பரில் அது நாடு முழுவதும் விரிந்தது. இன்று நம் போனில் இருக்கும் 14 இலக்க ஆபா எண் அதில் வந்ததுதான். 2022இல் மத்திய அமைச்சரவை இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு 1,600 கோடி ரூபாய் ஒதுக்கியது.

பெரிய தொகையாகத் தெரிகிறதா? நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கு போடுங்கள். 140 கோடிப் பேருக்கு 1,600 கோடி என்றால் தலைக்குப் பதினொன்றரை ரூபாய். ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு இரண்டேகால் ரூபாய் சொச்சம். இது நடுவில் இருக்கும் அமைப்புக்கான பணம். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவமனையில் கணினி, இணையம், பேட்டரி, தட்டச்சு செய்ய ஆள் எல்லாம் பெரும்பாலும் அந்தந்த அரசின் தலையில்தான். 2023 ஜனவரி முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பதிவேற்றும் ஒவ்வொரு பதிவுக்கும் மருத்துவமனைக்கு 20 ரூபாய் என்று ஊக்கத்தொகை கொடுத்தார்கள். நல்ல யோசனை. ஆனால் ஊக்கத்தொகை பண்டிகை முன்பணம் மாதிரி. மாதச் சம்பளம் ஆகாது.

இந்தப் பாடம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. 1998இல், நம்மில் பலர் கணினியைக் கண்ணால்கூடப் பார்க்காத காலத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் திறந்தது. ஏம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரம் எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் மக்கள் இடம் கொடுத்தார்கள், பெண்கள் தன்னார்வத்தோடு நடத்தினார்கள். ஆனால் கருவிக்கும் திட்டத்துக்கும் பணம் கனடாவின் ஐடிஆர்சி அமைப்பிலிருந்து வந்தது. வெளிநாட்டு நிதி விருந்தாளி மாதிரி. வந்தால் மகிழ்ச்சி, ஆனால் வீட்டு வாடகையை விருந்தாளி கட்டமாட்டார்.

பக்கத்துத் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2005இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்குக் கணினி மேலாண்மை வந்தது அதில்தான். 2008இல் 108 ஆம்புலன்ஸும் வந்தது. 2015இல் திட்டம் முடிந்தது. 108 நின்றதா? இல்லை. வருடா வருடம் அரசுப் பணத்தில் அதற்கென்று ஒரு பங்கு எழுதப்பட்டது. அதனால் இன்றும் ஓடுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கதை. 1994இல் தொடங்கியது. மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, இருப்பைக் கணினியில் பார்க்கும் முறையை அந்தக் காலத்திலேயே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கி மாதிரி ஒரு பாஸ்புக். எவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம், எவ்வளவு எடுத்தாயிற்று என்று அதில் இருக்கும். கழகத்தின் நடைமுறைச் செலவு எங்கிருந்து வந்தது? கையாளும் மருந்தின் மதிப்பில் ஒரு சிறு பங்கைச் சேவைக் கட்டணமாக எடுத்துக்கொண்டார்கள். மருந்து ஓடும்வரை கணினியும் ஓடும். யாரிடமும் போய்க் கை நீட்ட வேண்டாம். பிறகு கேரளமும் ராஜஸ்தானும் இதே வழியில் கழகம் அமைத்தன.

பணம் நிறைய இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்து 2002இல் நாடு முழுவதற்கும் மருத்துவக் கணினித் திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கான பவுண்டு செலவழித்து, 2011இல் கலைப்பதாக அறிவித்தது. எல்லாவற்றையும் மேலிருந்தே தீர்மானித்தார்கள். வேலை செய்யும் டாக்டரையும் நர்சையும் போதுமான அளவு கேட்கவில்லை என்பது பெரிய குறையாகச் சொல்லப்பட்டது.

கடைசியாக நம் வீட்டுக் கதை. 1880இல் பிரெஞ்சு அரசு இங்கே கொம்யூன்களை ஏற்படுத்தியது. மேரியில் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் கையால் எழுதிவைத்தார்கள். இன்றும் நம் முத்தியால்பேட்டையில் எத்தனையோ குடும்பங்கள் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தேடிப் போகின்றன. அதை வைத்துக் குடியுரிமையும் பென்ஷனும் நிரூபித்தவர்கள் உண்டு. அந்தத் தாளும் மையும் அப்படி ஒன்றும் உயர்ந்த தொழில்நுட்பம் இல்லை. எழுதுகிறவருக்கு மாதா மாதம் சம்பளம் இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

கணினி வாங்குவது கல்யாணச் செலவு. அதை ஓட்டுவது குடும்பச் செலவு. நாம் கல்யாணத்துக்கு மட்டும் பட்ஜெட் போடுகிறோம். ரிப்பன் வெட்டும்போது எல்லோரும் வருகிறார்கள், பேட்டரி மாற்றும்போது ஒருவரும் இல்லை.

என் பிள்ளைகளில் சிலர் சாப்ட்வேர் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். சிலர் தலைமைச் செயலகத்தில் கோப்பு எழுதுகிறீர்கள். மூன்று பேர் எனக்குத் தெரிந்தே நர்ஸாக இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு திட்ட அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால், கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: "ஐந்து வருடம் முடிந்த பிறகு, ஆறாவது வருடம் இதற்குப் பணம் எந்தத் தலைப்பில்?" பதில் இல்லை என்றால் கையெழுத்து போடும் முன் இன்னொரு தடவை கேளுங்கள்.

நள்ளிரவில் துணிப்பையைக் கொட்டித் தேடும் நிலை இன்னொரு வீட்டுக்கு வர வேண்டாம்.

சரி, மணி அடித்துவிட்டது. எல்லோரும் நல்லா இருங்கள். மாத்திரைச் சீட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இது வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், முத்தியால்பேட்டை