சொந்தக்காரர் கையில் பிறக்க வேண்டிய சாவி

டிஜிட்டல் கையொப்பம் போடுகிறவரே அதற்கான சாவி ஜோடியையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 2000 அக்டோபர் 17-இல் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் அப்படியொரு சாவி பிறப்பதைப் பார்த்திருப்பார்களோ!

பார்ப்பது எளிது. லினக்ஸ் டெர்மினலில் ‘ஓபன்எஸ்எஸ்எல் ஜென்ஆர்எஸ்ஏ 2048’ என்று தட்டினால் போதும். திரையில் புள்ளிகள் ஓடும், நடுவே கூட்டல் குறிகள் விழும். (புதிய பதிப்புகள் சில சத்தமில்லாமலே முடித்துவிடுகின்றன.) ஒவ்வொரு புள்ளியும் முதற்கட்டச் சலிப்பில் தப்பிய ஓர் எண், கூட்டல் குறி வந்தால் அது பகா எண் சோதனையில் ஒரு சுற்று தேறிவிட்டது. 309 இலக்கப் பகா எண்கள் இரண்டு வேண்டும். அந்த உயரத்தில் ஒற்றைப்படை எண்களில் சராசரியாக 355-க்கு ஒன்றுதான் பகா எண். கிடைத்த இரண்டையும் பெருக்கி வருவதை ஊருக்கே காட்டலாம். அந்த இரண்டு மட்டும் வெளியே தெரியக் கூடாது, ரகசியமெல்லாம் அவற்றில்தான்.

எண்கள் யாரும் ஊகிக்க முடியாதபடி வர வேண்டும். 2006-இல் டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல்லின் நிரலைத் திருத்தியதில் அந்தத் தற்செயல் போய்விட்டது. 2008-இல்தான் அது தெரியவந்தது. அதுவரை ஒவ்வொரு வகையிலும் சுமார் 32 ஆயிரம் சாவிகள்தான் பிறந்திருக்க முடியும். பட்டியல் போட்டே திறந்துவிடலாம்.

ஒரு சாவி இன்னாருடையது என்று சான்றளிக்கவும் சாவி வேண்டும். அந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலான இந்தியாவின் மூலச் சாவி டெல்லியில், சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு மேல் யாரும் இல்லாததால் தன் சான்றிதழில் தானே கையொப்பமிட்டுக்கொள்கிறது. சான்றளிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் சாவிகளுக்கு அதுவே சான்று. 2002-இல் முதல் உரிமம் பெற்ற சேஃப்ஸ்கிரிப்ட், சென்னை சத்யம் இன்ஃபோவேயின் குடும்பத்தைச் சேர்ந்தது.

2006-இல் கம்பெனிகள் அரசுக்கு ஆவணங்களை இணையவழி தாக்கல் செய்யும் எம்சிஏ-21 வந்ததும் கம்பெனி இயக்குநர்களுக்கெல்லாம் சாவி தேவைப்பட்டது. இன்று அது யுஎஸ்பி டோக்கனின் சிப்புக்குள்ளேயே பிறக்கிறது, வெளியே எடுக்க முடியாது. ஆனால் டோக்கன் இருப்பது ஆடிட்டர் மேசை டிராயரில், ரப்பர் பேண்டு போட்டு, பின் நம்பர் எழுதிய சீட்டோடு. சாவி கைமாறிவிட்டதாகச் சான்றளித்த நிறுவனத்துக்குச் சொல்லும்வரை பொறுப்பு சொந்தக்காரருடையதே என்கிறது 42-ஆவது பிரிவு. டிராயரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.