சபாவும் ஜமாவும்: அரசுக் கலை மானியமும் அமைப்பு வடிவமும் – வடசென்னையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இலாப நோக்கற்ற கலை அமைப்புகளுக்கு அரசு மானியம் வழங்கும்போது கலையின் தரமே முதல் அளவுகோல் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. தரம் மதிப்பிடப்படுவதற்கு முன்பே அமைப்பின் சட்ட வடிவம் அளவுகோலாகிவிடுகிறது என்பதையும், அவ்வடிவம் நகர்ப்புறச் சபாக்களுக்கு இயல்பாகவும் கூத்து, பறை, கானாக் குழுக்களுக்கு அயலாகவும் அமைந்தது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கலை மானியம், சபா, ஜமா, சங்கப் பதிவுச் சட்டம், இயல் இசை நாடக மன்றம், வடசென்னை.

முன்னுரை

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி என நீளும் வடசென்னையைப் பெரும்பாலும் தொழில் வரலாற்றின் வழியாகவே நாம் அறிந்திருக்கிறோம். 1856இல் இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1965இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011இல் மாநகராட்சியோடு இணைந்தன. இவை யாவும் ஆவணங்களில் உள்ளன. அதே நிலத்தின் நிகழ்கலைக்கு அத்தகைய ஆவணத் தொடர்ச்சி இல்லை. இறப்பு வீட்டுக் கானா, ஊர்வலப் பறை, அம்மன் திருவிழாக் கூத்து, தொழிற்சங்க மேடைகளின் வீதி நாடகம் ஆகியவற்றைத் தாங்கியவை திருவிழாக் குழுவும் ஊர்ப் பஞ்சாயத்தும் சங்கக் கிளையும்தாம். அரசு மானியத்தின் வரலாற்றில் இக்கலைகள் ஏன் அரிதாகவே தென்படுகின்றன என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம்.

சபா என்னும் வடிவம்

1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம் இலக்கியம், அறிவியல், நுண்கலை ஆகியவற்றை வளர்க்கும் அமைப்புகளுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. குறைந்தது ஏழு பேர் கையொப்பமிட்ட அமைப்பு விதியாவணம், நிர்வாகக் குழு, உறுப்பினர் கூட்டம் ஆகியன அதன் அடிப்படைகள்.

சென்னையில் நாடகக் கலைக்கு இவ்வகை ஒழுங்கைத் தந்தவர்களுள் முதன்மையானவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் அவர் தோற்றுவித்த சுகுண விலாச சபா, வடசென்னையின் தென்வாயிலான ஜார்ஜ் டவுன் வட்டாரத்தில் உருவானது. கூலிக்கு நடிக்கும் தொழில்முறைக் குழுக்களிலிருந்து தன்னை வேறுபடுத்திக்கொள்வதே அதன் அடையாளமாக இருந்தது. உறுப்பினர்கள் வழக்கறிஞர்கள், அலுவலர்கள், கல்வி கற்றோர், எஸ். சத்தியமூர்த்தி போன்றோரும் அதன் மேடையில் நடித்தனர். சந்தா, செயலாளர், கணக்கு, ஆண்டுக் கூட்டம் எனச் சபாவின் வாழ்க்கை தாளில் பதிவாயிற்று. வேறு தொழிலில் ஊதியம் பெற்றோர் நடத்திய அமைப்பு ஆதலின், ‘இலாப நோக்கற்றது’ என்னும் அடைமொழி அதற்குப் பொருந்தியது. கலையே பிழைப்பாக உள்ளவனுக்கு அவ்வடைமொழி எவ்வாறு பொருந்தும் என்பதை அன்று எவரும் கேட்க வேண்டிய தேவை எழவில்லை. அன்று மானியமும் இல்லை. பின்னர், 1939ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கேளிக்கை வரிச் சட்டம் வரி விதித்ததோடு, அரசு விலக்களிக்கவும் இடம் வைத்தது. விலக்கு என்பதும் மறைமுக மானியமே.

கொடுக்கும் கையும் தடுக்கும் கையும்

விடுதலைக்குப் பின் மைய அரசின் தீர்மானத்தால் 1952இல் உருவாக்கப்பட்ட சங்கீத நாடக அகாதெமி, 1953 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.வி. இராஜமன்னார், தெலுங்கில் நாடகங்கள் எழுதியவரும்கூட. 1946இல் அமைந்த பிரிட்டன் கலைக் கழகத்தைப் போல, அரசு பணம் தந்து விலகி நிற்க வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் உலவியது. 1961இல் அகாதெமியே 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதிவு செய்துகொண்டது. கொடுக்கும் நிறுவனமும் சபாவின் சட்டையை அணிந்துகொண்டது என்றே சொல்லலாம்.

சென்னை மாநிலத்தில் நிகழ்ந்தவை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கவை. 1954இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை முன்னிட்டே அது வந்தது என்பது நாடக வரலாற்றாசிரியர் பலர் சுட்டும் செய்தி. அடுத்த ஆண்டே, 1955இல், சென்னை மாநில சங்கீத நாடக சங்கம் அமைந்தது. 1973இல் அது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் எனப் பெயர் மாறியது. மேடையைத் தடுக்கும் அதிகாரமும் மேடைக்குப் பணம் தரும் அமைப்பும் ஓராண்டு இடைவெளியில் பிறந்தன. இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் பேசும் வழக்கம் நம் ஆய்வுகளில் உண்டு. அது வசதியான பிரிவினை என்பதே என் கருத்து. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நாடகாசிரியர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் செல்லாதவையாயின. அதுவரை மானியத்திற்கு விண்ணப்பித்த ஒவ்வொரு நாடகக் குழுவும் அச்சட்டத்தின் நிழலிலேயே இயங்கியது.

ஜமாவின் நிலை

கூத்துக் குழுவை வடதமிழகத்தார் ஜமா என்பர். வாத்தியார் ஒருவரைச் சுற்றி அது கூடும். பருவந்தோறும் உறுப்பினர் மாறலாம். வருவாய் பங்கு முறையில் பிரியும். ஒப்பந்தம் வாய்ச்சொல்லிலும் முன்பணத்திலும் நிற்கும். இங்கு ஒழுங்கு இல்லை என்று கூற இயலாது. ஒழுங்கு உண்டு, ஆனால் தணிக்கையாளர் படிக்கக்கூடிய எழுத்தில் அது இல்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் ஏழு பேர் விதியைத் தொடர்ந்ததோடு, ஆண்டுக் கணக்கையும் கோரியது. ஆண்டுதோறும் கலைந்து கூடும் குழுவுக்கு இது எளிதன்று.

சில ஜமாக்கள் வடிவம் மாறின. புரிசை கண்ணப்பத் தம்பிரான் மரபினர் மன்றம் அமைத்தனர். காஞ்சிபுரம் வட்டாரத்தில் பெ. இராஜகோபால் முன்னின்ற கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தோன்றியது. நகரத்தில் 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, ஃபோர்டு அறக்கட்டளை நிதியாலும் பின்னர் மைய அரசின் சம்பள மானியத்தாலும் முழுநேர நடிகர்களை வைத்திருக்க முடிந்தது. இவை பெரும் சாதனைகள். எனினும் இம்மூன்றிலும் விண்ணப்பம் எழுதவும் அறிக்கை அளிக்கவும் வல்லோர் உடனிருந்தனர் என்பதை விட்டுவிட்டு இவற்றைப் பொது வழியாகக் காட்டுதல் தகாது.

மற்றவர்களை அரசு வேறு வழியில் கண்டது. 2007இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும், நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவியும் தனிமனிதரைச் சேர்கின்றன. அதே ஆண்டு தொடங்கிய சென்னை சங்கமம் நிகழ்ச்சிக்கு ஊதியம் தந்தது. பயன் உண்மையானது, அதனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் சபாவுக்குக் கிடைப்பது ‘கலை வளர்ச்சி’ நிதி, பறைக் கலைஞருக்குக் கிடைப்பது ‘நலன்’. முன்னது நிறுவனமாக ஏற்கிறது. பின்னது வறியவராக ஏற்கிறது. ஒரு குழுவின் பயிற்சிக்கோ புதிய ஆக்கத்திற்கோ நல உதவியில் இடமில்லை.

விண்ணப்பப் படிவம் சொல்வது

மையப் பண்பாட்டு அமைச்சகத்தின் நிகழ்ச்சி மற்றும் தயாரிப்பு மானியத் திட்டம் இதற்கு நல்ல சான்று. பதிவு பெற்று மூன்றாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். பொதுவாக உச்ச வரம்பு 5 இலட்சம் ரூபாய். செலவில் 75 விழுக்காடு வரையே மானியம். எஞ்சிய 25 விழுக்காட்டை அமைப்பு தானே திரட்ட வேண்டும். நிகழ்ச்சிக்குப்பின் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கைக் கணக்கும் தந்த பிறகே இறுதித் தவணை வரும். ஆகவே மானியம் பெறுவதற்குக் கையிருப்பு வேண்டும். சந்தா செலுத்தும் உறுப்பினரும் நன்கொடையாளரும் உள்ள சபாவுக்கு இது தாங்கக்கூடியது. நாள்கூலிக்குச் சென்று மாலையில் பறை எடுப்போர்க்கு அன்று. பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டாம் என்பதன்று என் வாதம். கணக்கின் மாதிரி ஒரே வகைக் குழுவைக் கற்பனை செய்து வரையப்பட்டுள்ளது என்பதே.

மணலியிலிருந்து பார்க்கையில்

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின் வழி, குறிப்பிட்ட அளவைக் கடந்த நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. ஏழாம் அட்டவணை மரபுக் கலைகளின் வளர்ச்சியையும் அதில் சேர்த்துள்ளது. நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தருமாறும் சட்டம் கூறுகிறது. ஆலைகள் சூழ்ந்த மணலி புதுநகருக்கு இவ்விரு தொடர்களும் சேர்ந்து புதியதொரு வாயிலைத் திறப்பதுபோல் தோன்றும். ஆனால் 2021ஆம் ஆண்டின் விதித்திருத்தப்படி, நிறுவனம் வெளியமைப்பு ஒன்றின் வழியாகச் செலவிடுமாயின், அவ்வமைப்பு பதிவு பெற்ற சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இலாப நோக்கற்ற நிறுமமாகவோ இருத்தல் வேண்டும். வருமான வரித் துறையின் இரு பதிவுகளும் மூன்றாண்டுச் செயற்பாட்டு வரலாறும் வேண்டும். நிறுவனம் தானே நேரடியாகச் செலவிடவும் விதியில் இடமுண்டு. அவ்வழியில் கூத்துப் பருவத்திற்கான முன்பணத்தையோ பறைக் குழுவின் பயிற்சிக் கூடத்தையோ ஏற்பதற்குத் தனிப் பதிவு தேவையில்லை. அவ்வழி மேற்கொள்ளப்படாதவரை, சுத்திகரிப்பு ஆலையின் புகைக்கூண்டு தெரியும் தெருவில் ஆடும் ஒரு ஜமா, 1860இல் வரையப்பட்ட அந்த ஏழு கையொப்பத் தாளிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.