விலைச் சீட்டில் இல்லாத விலை

ஆங்கிலத்தில் சீமாட்டிகளுக்குத் தொப்பி தைத்து விற்பவருக்கு 'மில்லினர்' என்று பெயர். இந்தச் சொல் இத்தாலி தேசத்து மிலான் நகரத்திலிருந்து புறப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டிலேயே மிலான் நாடா, மிலான் கையுறை என்றால் லண்டன் சீமாட்டிகள் ஆலாய்ப் பறந்தார்கள். மிலான் சரக்கு விற்றவர் 'மிலானர்' ஆனார். மிலானர் நாளடைவில் மில்லினர் ஆனார். ஊரின் பெயரே தொழிலின் பெயராகும் அளவுக்குக் கடைச் சரக்கில் கீர்த்தி பெற்ற அந்த நகரத்தில், எங்கே போய்ச் சாமான் வாங்குவது?

கதீட்ரல் சதுக்கத்துக்குப் போனால் போதும். கிழக்கே நிற்பது மாதா கோவில். 1386-இல் கட்டத் தொடங்கினார்கள்; கடைசி வெண்கலக் கதவை மாட்டியது 1965-இல். ஆண்டவன் வீட்டை இவ்வளவு சாவகாசமாகக் கட்டிய ஊர், அதற்கு வடபுறத்தில் ஒரு கடைவீதியை மட்டும் மூன்று வருஷத்துக்குள் கட்டித் திறந்துவிட்டது. அதுதான் விக்டர் இம்மானுவல் காலரி.

1859-இல் ஆஸ்திரியாக்காரர்களின் ஆட்சி மிலானை விட்டு ஒழிந்தது. 1861-இல் இத்தாலி ஒரே ராஜ்யமாயிற்று; விக்டர் இம்மானுவல் அதன் முதல் ராஜா. அந்நியன் போன ஊரில் ஜனங்களுக்கு என்ன ஆசை வரும்? ராஜாவுக்குச் சிலை வைக்கத் தோன்றும். ஆனால் மிலான் வியாபாரிகளின் ஊர். ராஜாவின் பெயரால் கடைவீதி கட்டுவது என்று அவர்கள் தீர்மானித்தார்கள். லாட்டரிச் சீட்டு நடத்திப் பணம் திரட்டப் பார்த்தார்கள், போதவில்லை. கடைசியில் லண்டனில் அமைந்த ஒரு கம்பெனி முதல் போட முன்வந்தது. ஜோசப் மெங்கோனி என்ற சிற்பி படம் வரைந்தார். 1865 மார்ச் 7-ஆம் தேதி ராஜாவே வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். 1867 செப்டம்பரில் திறப்பு விழாவும் நடந்துவிட்டது.

இரண்டு வீதிகள் சிலுவைபோல ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. இரண்டுக்கும் மேலே இரும்புச் சட்டத்தில் கண்ணாடிக் கூரை. நடுவில் எட்டு மூலை முற்றம். அதன் மேல் சுமார் 47 மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கவிமாடம். ஆதியில் அங்கே எரிந்தவை வாயு விளக்குகள். அவ்வளவு உயரத்தில் விளக்கேற்ற யார் ஏறுவது? கவிமாடத்தின் அடிவிளிம்பில் தண்டவாளம் போட்டு, சின்னஞ்சிறு யந்திரம் ஒன்றை ஓடவிட்டார்கள். அது தீயைச் சுமந்துகொண்டு ஓட ஓட, விளக்குகள் வரிசையாகப் பற்றிக்கொள்ளும். மிலான்வாசிகள் அதற்குச் 'சுண்டெலி' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். மாலையானால் குழந்தைகள் அதை வேடிக்கை பார்க்கக் கூடிவிடுவார்களாம்.

இன்று கூடுகிறவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். முற்றத்தின் தளத்தில் நகரங்களின் சின்னங்களைச் சில்லுக் கல் பதித்துச் சித்திரித்திருக்கிறார்கள். டூரின் நகரத்தின் சின்னம் காளை. அந்தக் காளையின் மர்மஸ்தானத்தில் குதிகாலை ஊன்றி மூன்று தடவை சுழன்றால் அதிர்ஷ்டம் வருமென்று ஒரு நம்பிக்கை. லட்சோப லட்சம் குதிகால்கள் சுழன்று அங்கே குழி விழுந்துவிட்டது. நகரசபை கல்லை மாற்றுவதும், உல்லாசப் பிரயாணிகள் மறுபடி குழி பறிப்பதும் ஓயாமல் நடக்கின்றன.

ஊராருக்கெல்லாம் அதிர்ஷ்டம் வழங்கும் இந்த மண்டபம், கட்டியவருக்கு அதை வழங்கவில்லை. சதுக்கத்தை நோக்கிய பெரிய வாயில் வளைவு மட்டும் பாக்கியாக நின்று, பத்து வருஷம் கழித்து முடியும் தறுவாய்க்கு வந்தது. 1877 டிசம்பர் 30-ஆம் தேதி மெங்கோனி வேலையைப் பார்வையிடச் சாரத்தில் ஏறினார். அங்கிருந்து விழுந்து இறந்தார். கால் தவறியதா, ஊராரின் ஏச்சைக் கேட்டு மனம் வெறுத்ததா என்று அன்று பல பேச்சு. பத்தே நாளில் விக்டர் இம்மானுவலும் காலமானார். பெயர் கொடுத்த ராஜாவும் உருவம் கொடுத்த சிற்பியும் இல்லாமலே காலரி பூர்த்தியாயிற்று.

இப்போது அது மிலான் நகரசபையின் சொத்து. எந்தக் கடையானாலும் கறுப்புப் பலகையில் பொன்னெழுத்தால்தான் பெயர் எழுதவேண்டும். 1913-இல் மரியோ பிராடா என்பவர் தம் சகோதரருடன் இங்கே தோல் பெட்டிக் கடை வைத்தார். 1919-இல் ராஜ குடும்பத்துக்கே சாமான் கொடுக்கும் பாத்தியதை கிடைத்தது. உலகெங்கும் கிளை விட்ட பின்னும் அந்தக் கடை இதே காலரியில்தான் இருக்கிறது.

காலரியை விட்டு வெளியே வந்து கிழக்கே நாலு எட்டு வைத்தால் 'ரினாஷெந்தே' என்ற மாபெரும் கடை. அதன் மூலபுருஷர் பெர்டினாண்டோ பொக்கோனி, துணி கூவி விற்ற ஒருவரின் மகன். 1865-இல் அவரும் சகோதரரும் தைத்து முடித்த உடுப்புகளை விற்கும் கடையைத் திறந்தார்கள். அதற்குமுன் இத்தாலியில் உடுப்பு வேண்டுமென்றால் தையற்காரரிடம் அளவு கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். பொக்கோனி கடையிலோ உடுப்பு தயார். அதில் விலைச் சீட்டும் தயார். பேரம் கிடையாது. 1889-இல் கோவிலுக்கு எதிரேயே பெரிய மாளிகை எழுப்பிவிட்டார்கள்.

பெர்டினாண்டோவுக்கு லூயிஜி என்று ஒரு பிள்ளை. எத்தியோப்பியாவில் இத்தாலி தொடுத்த யுத்தத்துக்கு அவன் போனான். 1896 மார்ச் 1-ஆம் தேதி அடோவாவில் மெனலிக் சக்கரவர்த்தியின் சேனை இத்தாலியச் சேனையை முறியடித்தது. அன்றோடு லூயிஜி மறைந்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான சாமான்களுக்கு விலை எழுதிய தகப்பனார், விலை எழுத முடியாத ஒன்றை இழந்துவிட்டார். பிள்ளைக்குக் கல்லறை கட்டலாமென்றால் புதைக்க உடல் இல்லை. 4 லட்சம் லிரா கொடுத்து 1902-இல் பிள்ளையின் பெயரால் ஒரு வர்த்தக சர்வகலாசாலையைத் தொடங்கினார். இத்தாலியில் பொருளாதாரத்துக்குப் பட்டம் கொடுத்த முதல் சர்வகலாசாலை அதுதான். பிள்ளையை இழந்தவர் ஊரார் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்.

1917-இல் கடை கைமாறியது. வாங்கியவர் பெயர் செனட்டோரே போர்லெட்டி. செனட்டோரே என்பது பதவி அல்ல, தாய் தகப்பன் வைத்த பெயரே அதுதான்! கடைக்குப் புதுப் பெயர் வேண்டுமென்று அவர் கவி டி அனுன்சியோவைக் கேட்டார். 'ரினாஷெந்தே' என்றார் கவி. மறுபடி பிறப்பது என்று பொருள். கவி வாக்கு பலித்த விதம்தான் பயங்கரம். 1918 கிறிஸ்துமஸ் இரவு கடை எரிந்து சாம்பலாயிற்று. 1921-இல் மறுபடி பிறந்தது. 1943 ஆகஸ்டில் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசின. கடை மறுபடி அழிந்தது. காலரியின் கண்ணாடிக் கூரையும் பொடிப்பொடியாயிற்று. 1950 டிசம்பரில் கடை மூன்றாம் முறை பிறந்தது. காலரியைச் செப்பனிட்டு முடிக்க 1955 ஆயிற்று.

அப்படிப் பிறந்த கடையில் 1957-இல் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்து, கண்ணாடி ஜன்னல்களில் உடுப்புகளை அலங்கரித்து வைத்தார். பெயர் ஜார்ஜியோ அர்மானி. 2025-இல் அவர் காலமானபோது உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அந்த ஜன்னல்களையும் நினைவுகூர்ந்தன. 2011 முதல் ரினாஷெந்தேயின் சொந்தக்காரர்கள் தாய்லாந்துக்காரர்கள். வியாபாரத்துக்குத் தேசம் ஏது?

ஆகையால் மிலானுக்குப் போகிற நேயர்கள் இந்த இரண்டு இடங்களுக்கும் போய்வாருங்கள். பணம் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் பார்க்கலாம், காலரி பொது வீதி, நடக்கக் கட்டணம் இல்லை. கண்ணாடிக்குள் தொங்கும் விலைச் சீட்டைப் படித்து மயக்கம் வந்தால், ஒரு நிமிஷம் தலையை நிமிர்த்தி அந்தக் கூரையைப் பாருங்கள். சாரத்திலிருந்து விழுந்த சிற்பியையும், பிள்ளையைத் தொலைத்த வியாபாரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொடுத்த விலையோடு பார்த்தால் சீட்டில் உள்ள தொகை அற்பம்தான். ஆனாலும், அதற்காக அந்தப் பையை வாங்கிவிட வேண்டும் என்பதில்லை!