கட்-அப்: சாக்ஸ் தையலுக்காக நடந்த ஒரு கலகம்

ஆபீஸுக்குப் போடும் சாக்ஸ் ஒன்றை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள். விரல்களுக்கு மேலே குறுக்காக ஒரு தையல் ஓடும். சிலவற்றில் அது தடித்து, கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். சிலவற்றில் விரலால் தடவினால்கூட எங்கே இருக்கிறது என்று தெரியாது. நல்ல சாக்ஸையும் சுமாரான சாக்ஸையும் பிரித்துக் காட்டும் முதல் அடையாளம் அதுதான்.

இந்தத் தையல் விவகாரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கலகமே இருக்கிறது. சாஃப்ட்வேர் துறையில் புது டூல் எதையாவது பார்த்துத் தயங்குகிறவரை "லூடைட்" என்று கிண்டல் பண்ணுவது எங்கள் வழக்கம். மெஷினைக் கண்டால் உடைக்கிற பழைய பஞ்சாங்கம் என்று அர்த்தம். அந்தப் பெயர் பிறந்த இடம் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர். அங்கே மெஷினை உடைத்தவர்கள் எல்லாம் ஸ்டாக்கிங் பின்னுகிறவர்கள். அவர்கள் வீட்டிலேயே மெஷின் இருந்தது, அதில்தான் அவர்கள் பிழைப்பே ஓடியது. பிறகு எதை, ஏன் உடைத்தார்கள்?

கண்ணி அறுந்தால் என்ன ஆகும்

முதலில் துணி சமாச்சாரம் கொஞ்சம். வேட்டியும் சட்டைத் துணியும் நெசவு. பாவு, ஊடை என்று இரண்டு வகை நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். சாக்ஸும் பனியனும் பின்னல். ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணியாகி, ஒவ்வொரு கண்ணியும் அதற்கு முந்தின வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து நிற்கும். அதனால்தான் பின்னல் துணி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கெண்டைக்காலில் அகலமாகவும் கணுக்காலில் ஒடுக்கமாகவும் இருக்கிற காலின் மேல் சுருக்கமில்லாமல் உட்காரும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஒரு கண்ணி அறுந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த அடுத்த கண்ணியும் நழுவும், அதற்கடுத்ததும் நழுவும். ஏணி மாதிரி ஓட்டை இறங்கிக்கொண்டே போகும். ஆகவே பின்னல் துணியைக் கத்தரிப்பது என்பது ஒரு வரிசைக் கண்ணிகளை வேண்டுமென்றே அறுப்பது. அறுத்த விளிம்பை எப்படி அடைக்கிறோம் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

லீ செய்த ஃபிரேம்

1589-இல் நாட்டிங்ஹாம்ஷயரின் கால்வர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ ஸ்டாக்கிங் ஃபிரேம் என்ற பின்னல் மெஷினைச் செய்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் வருஷம். கையால் பின்னுகிறவர் இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாகப் போடுவார். லீயின் ஃபிரேமில் ஒவ்வொரு கண்ணிக்கும் தனி ஊசி. ஒரு வரிசை முழுவதும் ஒரே மூச்சில் விழும். முதல் ஃபிரேமில் அங்குலத்துக்கு 8 ஊசி, அதாவது முரட்டுக் கம்பளி ஸ்டாக்கிங்தான் வரும். பிறகு அதை அங்குலத்துக்கு 20 ஊசி வரை நெருக்கி, பட்டு ஸ்டாக்கிங் பின்னும் அளவுக்குக் கொண்டுவந்தார்.

எலிசபெத் ராணியிடம் அவருக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் என்று ராணி மறுத்ததாகப் பின்னாளில் ஒரு கதை உண்டு. லீ பிரான்சுக்குப் போனார். அங்கே ஆதரவு தந்த மன்னர் நான்காம் ஹென்றி 1610-இல் கொலை செய்யப்பட்டார். லீ அங்கேயே இறந்துபோனார். அவருடைய தம்பி ஜேம்ஸ் ஃபிரேம்களோடு இங்கிலாந்து திரும்பினார். தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது.

இந்த ஃபிரேமின் முக்கியமான குணம், அது துணியை வடிவத்தோடு பின்னும். பின்னிக்கொண்டே வரும்போது ஓரத்துக் கண்ணிகளைப் பக்கத்து ஊசிக்கு மாற்றினால் துணி ஒடுங்கும். எதிர்ப்பக்கம் மாற்றினால் விரியும். கெண்டைக்கால், கணுக்கால், பாதம் எல்லாவற்றுக்கும் சரியான அகலத்தில் துணி கத்தரியே படாமல் இறங்கும். இரண்டு ஓரத்திலும் முழுமையான கரை இருக்கும். அந்தக் கரைகளைச் சேர்த்துத் தைத்தால் ஸ்டாக்கிங். தையல் பிரிந்தாலும் கண்ணி ஓடாது.

இந்தத் தொழிலை மேற்பார்வை பார்க்க லண்டனில் ஒரு சங்கம் இருந்தது. 1657-இல் கிராம்வெல் காலத்திலும், 1663-இல் இரண்டாம் சார்லஸ் மன்னரிடமும் அது பட்டயம் வாங்கியது. எத்தனை பேரைத் தொழில் பழக வைக்கலாம், சரக்கு எப்படி இருக்க வேண்டும் என்று விதி போடும் அதிகாரம் அதற்கு இருந்தது. 1753-இல் பாராளுமன்றம் விசாரணை நடத்தி, இந்த விதிகள் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று முடிவு கட்டியது. அதோடு சங்கத்தின் பிடி தளர்ந்துபோனது. பட்டயம் மட்டும் காகிதத்தில் இருந்தது. பின்னலாளிகள் அதை மறக்கவில்லை.

அகல ஃபிரேமும் கத்தரியும்

18ஆம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பிய ஆண்கள் முழங்காலோடு நிற்கும் கால்சட்டை போட்டார்கள். அதற்குக் கீழே ஸ்டாக்கிங் எல்லார் கண்ணிலும் படும். ஆகவே நல்ல ஸ்டாக்கிங் என்பது இன்றைக்கு நல்ல சட்டை மாதிரி, ஆளின் தரத்தைச் சொல்லும் சமாச்சாரம். 1759 வாக்கில் ஜெடிடையா ஸ்ட்ரட் என்பவர் ஃபிரேமோடு இணைக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். "டெர்பி ரிப்" என்ற அந்தக் கருவி, மேடும் பள்ளமுமாக வரி விழுந்த, நன்றாக இழுபடும் ஸ்டாக்கிங்கைத் தந்தது. இன்றைக்கு நாம் போடும் ரிப் சாக்ஸின் முன்னோடி இது. ஆர்க்ரைட்டின் நூற்பாலைத் தொழிலில் கூட்டாளியாகப் பணம் போட்டவர்களில் இதே ஸ்ட்ரட்டும் ஒருவர். தொழிற்புரட்சியின் முதலீட்டில் சாக்ஸ் காசும் இருந்தது என்று சொல்லலாம்.

1800-க்குப் பிறகு காற்று மாறியது. பேண்ட் நீளமானது, ஸ்டாக்கிங் உள்ளே மறைந்தது. நெப்போலியன் யுத்தத்தால் ஏற்றுமதி அடிபட்டது, ரொட்டி விலை ஏறியது. இறுக்கமான பின்னல் கால்சட்டைக்கென்று செய்த அகலமான ஃபிரேம்கள் ஃபேஷன் போனதும் சும்மா கிடந்தன. சில முதலாளிகளுக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. அகல ஃபிரேமில் நேராக ஒரு பெரிய துணியைப் பின்னு. அதைக் கத்தரியால் ஸ்டாக்கிங் வடிவத்தில் வெட்டு. ஓரத்தைத் தைத்து விற்று விடு. இதற்குப் பெயர்தான் "கட்-அப்".

ஒடுக்கவும் விரிக்கவும் தெரிந்த ஆள் இதற்குத் தேவையில்லை. தொழில் முழுதாகக் கற்காதவர்களே போதும், கூலியும் குறைவு. கடையில் மடித்து வைத்திருக்கும்போது முறையாகப் பின்னியதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. நாலு தடவை துவைத்ததும் வெட்டிய ஓரம் பிரிந்து கண்ணி ஓட ஆரம்பிக்கும். வாங்கினவர், "நாட்டிங்ஹாம் சரக்கே இப்படித்தான்" என்று முடிவு கட்டுவார். ஒழுங்காகப் பின்னுகிறவனின் பெயரும் சேர்ந்து கெடும். அவனோ ஃபிரேமுக்கு வாரா வாரம் வாடகை கட்டியாக வேண்டும். ஃபிரேம் முதலாளியுடையது, அல்லது வாடகைக்கென்றே வாங்கி விட்ட வேறு யாருடையதோ. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை உண்டு.

1811 மார்ச் மாதம் நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்து ஆர்னால்டு கிராமத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட ஃபிரேம்களை உடைத்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் அது மாவட்டம் முழுக்கப் பரவியது. நெட் லட் என்ற கற்பனைத் தலைவன் பெயரில் கடிதங்கள் கிளம்பின. இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உடைக்கவில்லை. கட்-அப் செய்த ஃபிரேம்களையும் வழக்கமான கூலியைக் குறைத்த முதலாளிகளின் ஃபிரேம்களையும் தேடிப்பிடித்து உடைத்தார்கள், மற்றவற்றை விட்டுவிட்டார்கள். ஷெர்வுட் காட்டிலிருந்து எழுதுவதாகச் சொல்லிக்கொண்ட ஓர் அறிக்கை இரண்டாம் சார்லஸ் தந்த பட்டயத்தையே சாட்சிக்கு அழைத்தது. ஏமாற்றுச் சரக்கு செய்யும் ஃபிரேமை உடைக்கும் உரிமை அதிலேயே எங்களுக்கு இருக்கிறது என்பது அவர்கள் வாதம். யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும் பிறகு நடந்த லூடைட் கலகங்களின் கதை வேறு. அங்கே கம்பளி, பருத்தி நெசவு, புது மெஷின்கள். நாட்டிங்ஹாமில் உடைபட்டதோ 200 வருஷத்துக்கு முந்தைய கண்டுபிடிப்பின் வாரிசு.

அரசாங்கம் படையை அனுப்பியது. ஃபிரேம் உடைத்தால் மரண தண்டனை என்று 1812-இல் சட்டம் கொண்டுவந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சை, 1812 பிப்ரவரி 27 அன்று, இந்தச் சட்டத்தை எதிர்த்தே பேசினார். அந்த மட்டச் சரக்கைத் தொழிலில் "சிலந்தி வேலை" என்று சொல்கிறார்கள் என்பதையும் அதில் குறிப்பிட்டார்.

அதே வருஷம் கிரேவனர் ஹென்சன் என்ற பின்னலாளி இன்னொரு வழியில் போனார். சுத்தியலை விட்டுவிட்டு மசோதாவைக் கையில் எடுத்தார். மோசடிச் சரக்கைத் தடுக்க வேண்டும், நல்லதையும் மட்டமானதையும் பிரித்துக் காட்ட சரக்கின் மேல் குறி போட வேண்டும் என்று கேட்டார்கள். காமன்ஸ் சபை அதை நீர்த்துப்போக வைத்து அனுப்பியது. பிரபுக்கள் சபை மொத்தமாக நிராகரித்தது. வாங்குகிறவன் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் கடைசியில் கிடைத்த தீர்ப்பு. 1844-இல் நாட்டில் ஏறக்குறைய 48,000 ஃபிரேம்கள் ஓடின. ஸ்டாக்கிங் பின்னுகிறவன் மாதிரி ஏழை என்று ஒரு சொலவடையே அந்தப் பக்கம் இருந்தது. ஃபிரேம் வாடகையைக் கூலியில் பிடிக்கும் வழக்கம் சட்டப்படி ஒழிய 1874 ஆனது.

திருப்பூர் வரை

1849-இல் லெஸ்டரைச் சேர்ந்த மேத்யூ டவுன்சென்ட் தாழ்ப்பாள் போல ஒரு சின்ன நாக்கு வைத்த ஊசிக்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணி நகரும்போது அதுவே ஊசியைத் திறந்து மூடிவிடும். வட்டப் பின்னல் மெஷின் பெருகியதற்கு இந்த ஊசி பெரிய காரணம். திருப்பூரில் பனியன் துணியைக் குழாய் மாதிரி இறக்கும் மெஷின்களிலும் ஓடுவது இதே வகை ஊசிதான். பனியன் தொழிலுக்கு ஹோசியரி என்று பெயர் வந்ததும் "ஹோஸ்" என்ற ஸ்டாக்கிங் சொல்லிலிருந்துதான்.

திருப்பூர் டி-ஷர்ட் முழுக்கக் கட்டிங்கில் போவதுதானே, அதுவும் கட்-அப் இல்லையா? வெட்டுவது உண்மைதான். ஆனால் வெட்டிய ஓரத்தை நூலால் சுற்றி அடைக்கும் ஓவர்லாக் மெஷின் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. தவிர, டி-ஷர்ட்டை யாரும் வெட்டாமல் பின்னியது என்று சொல்லி விற்பதில்லை. கத்தரி மேல் 1811 பின்னலாளிக்கு விரோதம் இல்லை. வெட்டியதை வெட்டாதது போல விற்பதுதான் அவனுக்கு எரிந்தது.

அந்தக் கண்ணோடு சாக்ஸ் வாங்குவது

சரக்கின் மேல் குறி கிடைக்காததால் நாமே பார்த்துத்தான் வாங்க வேண்டும். விரல் பக்கத் தையலில் ஆரம்பிக்கலாம். இன்றைய சாக்ஸ் குழாயாக இறங்கும், விரல் முனை திறந்திருக்கும். இரண்டு பக்கக் கண்ணிகளையும் ஒன்றுக்கு ஒன்று கோத்து மூடினால் தையல் தட்டையாக இருக்கும். "லிங்கிங்" என்று பெயர், நேரம் பிடிக்கும் வேலை. ஓவர்லாக்கில் அடித்தால் மேடு நிற்கும், ஷூவுக்குள் விரலை உறுத்தும்.

அடுத்தது குதிகால். பின்னும்போதே பை மாதிரி வடிவம் கொடுத்திருக்க வேண்டும். அப்புறம் ஊசி எண்ணிக்கை. ஃபார்மல் சாக்ஸ் என்றால் வட்டத்தில் 168 அல்லது 200 ஊசி இருக்கும். ஊசி கூடக் கூட நூல் மெல்லிசாகும், துணி நைஸாகும், விளையாட்டு சாக்ஸின் முரட்டுத்தனம் போகும்.

நூலில், மெர்சரைஸ் செய்த பருத்தி நம் வெயிலுக்கு நல்ல தேர்வு. ஜான் மெர்சர் 1844-இல் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பார்த்தார், இழை பருத்து வலுவானது, சாயம் நன்றாக ஏறியது. 1890 வாக்கில் ஹோரஸ் லோ அதையே இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்தபோது பளபளப்பும் சேர்ந்தது. நூறு சதவீதப் பருத்தி என்று பார்த்து மயங்க வேண்டாம். குதிகாலும் விரலும் தேயாமலிருக்கக் கொஞ்சம் நைலானும், வடிவம் நிற்க இரண்டு மூன்று சதவீதம் ஸ்பாண்டெக்ஸும் தேவை. உயரத்தில், கெண்டைக்காலைத் தாண்டி முழங்காலுக்குக் கீழே நிற்கும் சாக்ஸ் கால் வடிவத்தாலேயே நழுவாமல் இருக்கும். பாதிக் காலில் நிற்பது எலாஸ்டிக்கை நம்பியது. எலாஸ்டிக் வருமுன் ஆண்கள் அதற்கென்று காலில் ஒரு பட்டி கட்டினார்கள். நிறத்துக்கு ஒரு பழைய விதி: ஷூவோடு இல்லாமல் பேண்ட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

பராமரிப்பு சுலபம். உள்பக்கம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவையுங்கள், வியர்வையும் இழைத்தூளும் உள்ளேதான் இருக்கிறது. குளோரின் பிளீச்சும் சூடும் ஸ்பாண்டெக்ஸைக் கொல்லும், ஆகவே டிரையர் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் நிழலில் போடுங்கள். இரண்டையும் சேர்த்து வாய்ப்பக்கத்தை மடித்துப் பந்தாக உருட்டி வைத்தால் எலாஸ்டிக் சீக்கிரம் தளரும், தட்டையாக மடித்தால் போதும். கால் நகத்தை வெட்டுவதும் சாக்ஸ் பராமரிப்புதான். ஒரே நிறத்தில் நாலைந்து ஜோடி வாங்கினால் ஒன்று ஓட்டையானாலும் மற்றது அநாதையாகாது. ஓட்டை சின்னதாக இருக்கும்போதே அதே நிற நூலில் குறுக்கும் நெடுக்குமாக இழை ஓட்டிவிடுங்கள். ஒரு கண்ணி போனால் அடுத்தது நிற்காது.