பர்னாந்து, பெர்னாண்டஸ்: ஒரு குடும்பப்பெயரும் அதன் குருதிவழியும்

மங்களூரில் பிறந்து இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சரான ஜார்ஜ் பெர்னாண்டசுக்கும், தூத்துக்குடி நகராட்சித் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரை ஊருக்குக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துக்கும் இரத்த உறவு இருந்ததாகக் கருத எந்த முகாந்திரமும் இல்லை. ஒருவர் கொங்கணி பேசும் கத்தோலிக்கர். மற்றவர் தமிழ் பேசும் பரதவர். ஆயினும் இருவர் பெயரின் ஈற்றிலும் நிற்பது ஒரே ஐபீரியப் பெயர். கோவாவிலும் வசையிலும் கொச்சியிலும் இலங்கையின் மேற்குக் கரையிலும் இப்பெயரைச் சுமப்போர் மிகப் பலர்.

இப்பெயரைக் கண்டவுடன் எழும் கேள்வி ஒன்று உண்டு: இவர்களுக்குப் போர்த்துக்கீசிய மூதாதையர் இருந்தனரா? வணிக நிறுவனங்கள் விற்கும் மரபணுச் சோதனைகள் வந்தபின் இக்கேள்வி சிலருக்கு வேட்கையாகவே மாறியுள்ளது. ஒரு சாரார் லிஸ்பனில் ஒரு பாட்டனைத் தேடுகின்றனர். மற்றொரு சாரார் மதமாற்றத்துக்கு முந்தைய ஓர் உயர்குடிப் பாட்டனைத் தேடுகின்றனர். இரு தேடலுக்கும் குடும்பப்பெயரே தொடக்கப்புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. அது அந்தச் சுமையைத் தாங்குமா என்பதே ஆராயத்தக்கது.

முதலில் பெயரின் சொந்த ஊர். பெர்னாண்டஸ் என்பது தந்தைவழிப் பெயர். பெர்னாண்டோவின் மகன் என்பதே அதன் பொருள். ரொட்ரிகோவின் மகன் ரொட்ரிக்ஸ், என்றிக்கின் மகன் என்றிக்ஸ் என்பன போன்றதே இதுவும். இடைக்கால ஐபீரியாவில் இவ்வகைப் பெயர் தலைமுறைதோறும் மாறியது. தந்தை பெர்னாண்டோவாக இருந்தால் மகன் பெர்னாண்டஸ். அந்த மகனின் பெயர் மார்ட்டின் என்றால் பேரன் மார்ட்டின்ஸ். பெயர் உறைந்து குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில்தான். எத்தனை பெர்னாண்டோக்கள் இருந்தனரோ அத்தனை பெர்னாண்டஸ் குடும்பங்கள் தனித்தனியே தோன்றியிருக்கக்கூடும். போர்த்துக்கீசியர் தாய்வழிப் பெயரையும் தந்தைவழிப் பெயரையும் சேர்த்துச் சூடும் வழக்கமுடையவர்கள் என்பதையும், முற்காலத்தில் எதைச் சூடுவது என்பதில் பெரும் நெகிழ்ச்சி இருந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். போர்த்துகலிலேயே இப்பெயர் ஆண்வழியை ஒழுங்காகக் காட்டுவதில்லை.

பெர்னாண்டோ என்ற மூலப்பெயரோ இலத்தீன் வழி வந்ததன்று. அது விசிகோத்துகள் கொண்டுவந்த ஜெர்மானியப் பெயர். துணிவைக் குறிக்கும் ஒரு வேர் அதன் பிற்பகுதி. 5ஆம் நூற்றாண்டில் ஐபீரியாவுக்குள் நுழைந்த விசிகோத்துகள் மக்கள்தொகையில் மிகச் சிறுபான்மையினர். ஆனால் 9, 10ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் தீபகற்பத்தின் வடமேற்கு முழுவதும் ஜெர்மானியப் பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. ஆண்டவர்களின் பெயரை ஆளப்பட்டவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டினர். கோவாவில் 16ஆம் நூற்றாண்டில் நடந்ததன் முன்னோட்டம் அது. ஒரு வேறுபாடு, அங்கே எவரும் இப்போது கோத்திய இரத்தத்தைத் தேடி அலைவதில்லை.

இதற்கு இடையில் இன்னொரு படலமும் உண்டு. 1497இல் போர்த்துகலின் யூதர்கள் கட்டாயத் திருமுழுக்குக்கு உட்படுத்தப்பட்டபோது, ‘புதிய கிறித்தவர்’ எனப்பட்ட அவர்கள் நாட்டில் பரவலாக இருந்த பெயர்களையே ஏற்றனர். பெர்னாண்டசும் என்றிக்சும் அவற்றுள் அடங்கும். முத்துக்குளித்துறையில் உழைத்து, 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறக் காரணமான இயேசு சபைத் துறவி என்றிக் என்றிக்ஸ் அத்தகைய யூத மரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் மட்டும் கிடைத்திருந்தால் அந்த மரபை எவராலும் ஊகித்திருக்க இயலாது. கடல் கடந்து வருமுன்பே இப்பெயர்கள் திருமுழுக்குப் பெயர்களாக இருந்து பழகியவை.

1510இல் அல்புகர்க் கோவாவைக் கைப்பற்றியபின் போர்த்துக்கீசிய வீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவித்தார். எனவே ஐரோப்பிய ஆண்வழி சில குடும்பங்களில் நுழைந்தது உறுதி. ஆனால் பெயர் பரவியது அந்த வழியில் அன்று, மதமாற்றத்தின் வழியே. திருமுழுக்குப் பெறுவோர் தம் ஞானத்தகப்பனின் பெயரையோ, திருமுழுக்கு அளித்த குருவின் பெயரையோ, அதிகாரி ஒருவரின் பெயரையோ ஏற்றனர். ஒரே நாளில் முழுக்குப் பெற்ற தொடர்பற்ற பல குடும்பங்கள் ஒரே பெயரைப் பெற்றதும், வெவ்வேறு நாளில் முழுக்குப் பெற்ற உடன்பிறந்தார் வெவ்வேறு பெயர்களைப் பெற்றதும் இதன் விளைவு. பாமன், சார்தோ, சூதிர் என்று கோவாக் கத்தோலிக்கரிடையே தொடர்ந்த சாதிப் பிரிவுகள் அனைத்திலும் பெர்னாண்டஸ்கள் உள்ளனர்.

முத்துக்குளித்துறையில் இது இன்னும் வேகமாக நிகழ்ந்தது. கடலில் எதிரிகளிடமிருந்து பாதுகாப்பு நாடிய பரதவர் தலைவர்கள் கொச்சிக்குத் தூது சென்று, 1535-37 காலத்தில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். சவேரியார் அங்கு வந்து சேர்ந்தது அதன்பின், 1542இல். பாடம் கற்பிக்கவே குருமார் போதாத அந்நாளில், பெயர் சூட்டுவதில் தனித்தனிக் குடும்ப வரலாற்றுக்கு இடமிருந்திருக்க வாய்ப்பில்லை.

இங்கு மொழி தரும் சான்று ஒன்று கவனிக்கத்தக்கது. தூத்துக்குடி வழக்கு ‘பர்னாந்து’. நாளிதழ் வழக்கு ‘பெர்னாண்டோ’. முன்னதில் ந்து, பின்னதில் ண்டோ. போர்த்துக்கீசிய மொழியின் தகரமும் தகர மெலிவும் நாக்கு பல்லைத் தொட்டு ஒலிப்பவை. தமிழ்ச் செவிக்கு அவை ‘த’ ஆகவே கேட்கும். பாத்ரே என்பது பாதிரி ஆனதும், சப்பாத்தோ என்பது ஈழத்தில் சப்பாத்து ஆனதும் அப்படித்தான். ஆங்கிலத்தின் அதே எழுத்துகள் பல்லுக்குப் பின்னே அண்பல்லில் ஒலிப்பதால் தமிழ்ச் செவி அவற்றை ‘ட’ எனக் கொள்ளும்: டாக்டர், டிக்கெட், லண்டன். ஆகவே ‘பர்னாந்து’ போர்த்துக்கீசியர் வாயிலிருந்து நேரே கேட்கப்பட்ட வடிவம். ‘பெர்னாண்டோ’ ஆங்கில எழுத்தின் வழியாகப் பிற்காலத்தில் திரும்பி வந்த வடிவம். சிங்களத்தில் ‘ப்ரனாந்து’ என வழங்குவது இதை உறுதிசெய்கிறது. ரகரம் இடம்பெயர்ந்தாலும் தகரம் பெயரவில்லை. (ஈற்று உகரத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது. போர்த்துக்கீசியத்தில் அழுத்தம் பெறாத இறுதி ஒகரமும் உகரமாகவே ஒலிக்கும். தமிழும் ஈற்றில் உகரத்தையே விரும்பும்.) ஒரு பெயரின் ஒலியமைப்பு அது எந்தக் காலத்தில் எவர் வாயிலிருந்து வந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது. அதைச் சுமப்பவரின் தந்தைக்குத் தந்தை யார் என்பதை அது சொல்லாது.

மரபணுவியல் இதில் என்ன செய்ய இயலும்? ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. தந்தைவழிக் குடும்பப்பெயரும் அவ்வாறே செல்வது. இந்த ஒப்புமையைக் கொண்டு 2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டின் பிரையன் சைக்ஸ் தம் பெயரையே சோதித்தார். சைக்ஸ் என்ற பெயருடைய 48 ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஒரே ஒய் வகையைப் பகிர்ந்தனர். அப்பெயருக்கு ஒரே மூதாதை இருந்திருக்கக்கூடும் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. ஸ்பானியக் குடும்பப்பெயர்கள் பற்றி 2016இல் வெளியான ஆய்வு இதற்கு ஓர் எல்லை வகுத்தது: அருகிய பெயர்களைச் சுமப்போரிடையே பொது மூதாதையின் தடம் தெரிகிறது, மிகப் பரவலான பெயர்களில் அது கரைந்துபோகிறது. பிறப்பிடத்திலேயே நிலை இதுவென்றால், திருமுழுக்கால் பரவிய நாட்டில் பெர்னாண்டஸ் என்ற பெயருக்கென ஒரு மரபணு அடையாளம் இருக்கும் என எதிர்பார்ப்பது வீண்.

சமூகத்தைப் பற்றிக் கேட்டால் விடை கிடைக்கும். ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பிறரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு கோவா, கும்டா, மங்களூர் ஆகிய இடங்களின் 110 ரோமன் கத்தோலிக்கரை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய தந்தைவழியில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஆர்1ஏ பிரிவைச் சேர்ந்தது. கௌட சாரஸ்வதர்களோடு அவர்களுக்கு நெருக்கம் தெரிந்தது. யூத மரபின் ஒரு சிறு சாயலும் தென்பட்டது. இம்முடிவுகள் வெளியானதும் ‘நாங்கள் பழைய பிராமணர்’ என்ற பெருமிதத்துக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டது என்று கருதுவோர் இருக்கக்கூடும். அவர்கள் கவனிக்க வேண்டியது, 110 பேரின் சராசரி அப்பெயர்களைச் சுமக்கும் ஒவ்வொரு சாதிக்கும் பொருந்தாது என்பது. முத்துக்குளித்துறையின் பர்னாந்துகளைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. ஆர்1ஏ ஐரோப்பாவிலும் காணப்படுவதால், சோதனை முடிவில் அதைக் கண்டவர் போர்த்துக்கீசியப் பாட்டன் கிடைத்துவிட்டதாக மகிழலாம். ஐபீரிய ஆண்களிடம் மேலோங்கியிருப்பது ஆர்1பி. தெற்காசியாவின் ஆர்1ஏ பெரும்பாலும் இசட்93 என்ற கிளையைச் சார்ந்தது. ஐரோப்பியக் கிளையிலிருந்து அது பிரிந்தது வாஸ்கோ ட காமாவுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன். இன்னொன்று: தலைமுறைக்கு 30 ஆண்டு எனக் கொண்டால் 1560 முதல் ஏறத்தாழ 15 தலைமுறைகள். அந்தத் தலைமுறையில் ஒருவருக்குரிய மூதாதையர் இடங்கள் 32,768. அவற்றுள் ஒரே ஒரு இடத்தைத்தான் ஒய் குரோமோசோம் காட்டுகிறது.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. அரசியலமைப்பின் 366(2)ஆம் கூறு ஆங்கிலோ-இந்தியர் யார் என்பதைத் தந்தைவழியில் ஐரோப்பிய மூதாதை உடையவர் என வரையறுக்கிறது. கொச்சியில் அவ்வரையறைக்குள் வரும் பெர்னாண்டஸ் குடும்பங்களும், வராத இலத்தீன் கத்தோலிக்க பெர்னாண்டஸ் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழ்கின்றன. மக்களவை நியமன இடங்கள் 2020 ஜனவரியில் முடிவுக்கு வரும்வரை இந்த வேறுபாட்டுக்கு அரசியல் எடையும் இருந்தது. மறுபுறம், போர்த்துகல் குடியுரிமை கோரும் கோவாக்காரரிடம் லிஸ்பன் இரத்தச் சான்று கேட்பதில்லை; 1961 டிசம்பர் 19க்கு முன் அவரோ அவருடைய முன்னோரோ கோவாவில் பிறந்ததற்கான பதிவையே கேட்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் சரி.

குடிவழி உண்மையில் பதிந்து கிடப்பது வேறிடங்களில். கோவாவின் ஊர்ச் சமூகங்களில் காவ்ங்கார் உரிமை ஆண்வழியில் இறங்குவது. 1526ஆம் ஆண்டின் பட்டயம் அவ்வழக்கங்களை எழுத்தில் பதிந்தது. மதம் மாறிய பின்னும் கத்தோலிக்கர் அவ்வுரிமையைத் தொடர்ந்தனர். மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் பிரபு, காமத், நாயக், பை என்ற பழைய பெயர் வீட்டு நினைவாக நிலைத்துள்ளது. தூத்துக்குடியில் பரதவர் தலைவருக்குப் போர்த்துக்கீசியப் பெயருடன் பாண்டியபதி என்ற பட்டமும் இருந்தது. இலங்கையின் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளில் ‘வர்ணகுலசூரிய’ என்று தொடங்கி, இடையில் ஒரு புனிதர் பெயர் வந்து, பெர்னாண்டோ என முடியும் பெயர்கள் மிகுதி. முதற்பகுதி குலத்தின் பெயர். இடைப்பகுதி திருமுழுக்கில் ஒருவருக்கு இடப்பட்டது. இறுதிப்பகுதி என்றோ ஒரு நாள் அக்குடும்பம் முழுவதற்கும் சூட்டப்பட்டது. பதிவேடுகளைப் படிப்போர் தலைப்பெழுத்துகளாகச் சுருக்கிவிட்டுக் கடந்துபோவது அந்த முதற்பகுதியைத்தான்.